எஃப்.டி. முதிர்கிறது, ஊரைக் கெடுக்காத இடமாகப் பார்த்துப் போட முடியுமா?

எண்ணூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் எஃப்.டி. ஒன்று முதிர்கிறது. 6 லட்சம் ரூபாய். மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அவள் கல்லூரிக்காகச் சேர்த்த பணம். மூன்று வருடத்துக்குக் கை வைக்க வேண்டியிருக்காது. ஆனால் முதலுக்கு மோசம் வரக் கூடாது.

நாங்கள் இருப்பது எண்ணூர் கழிமுகத்துக்குப் பக்கத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்ததே, அப்போது என் சித்தப்பா வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. வலையெல்லாம் எண்ணெய் அப்பிப்போய், துவைத்தும் போகாமல் தூக்கிப் போட்டார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் சேர்வது அதற்கும் பல வருடம் முந்தைய கதை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. நான் போடும் பணத்தை வங்கி சும்மா வைத்திருப்பதில்லை, யாருக்கோ கடனாகக் கொடுக்கிறது. அந்த யாரோ எங்கள் ஆற்றில் சாம்பல் கொட்டுகிறவர்களாக இருந்தால்? பசுமை வைப்பு என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் பார்த்துப் பங்கு வாங்குவதாம், இ.எஸ்.ஜி. ஃபண்ட் என்று ஒன்றை ஏஜென்ட் காட்டினார். எது உண்மையில் வேலை செய்கிறது, எது வெறும் பெயர்ப்பலகை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வட்டி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

வட்டி_வாத்தியார்:

அம்மா, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பசுமை வைப்பு பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் இதற்கு விதிமுறை வெளியிட்டது, ஜூன் 1 முதல் அமல். எல்லா வங்கியும் இதை நடத்தியே ஆக வேண்டும் என்றில்லை. நடத்துகிற வங்கி அந்தப் பணத்தைச் சூரிய மின்சாரம், காற்றாலை, மின்சாரச் சிக்கனம், மாசில்லாத போக்குவரத்து, நீர், கழிவு மேலாண்மை போன்றவற்றுக்குத்தான் கடனாகக் கொடுக்க வேண்டும். எதற்குக் கொடுக்கக் கூடாது என்ற பட்டியலும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். நிலக்கரி, எண்ணெய் எடுப்பதும் எரிப்பதும் கூடாது. அணுமின்சாரம் கூடாது. குப்பையை நேரடியாக எரிக்கிற திட்டம் கூடாது. 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் திட்டம் கூடாது. சாராயம், புகையிலை, ஆயுதம், சூதாட்டம், பாமாயில் எல்லாம் அதே பட்டியலில்.

பணம் எங்கே போனது என்று ஒவ்வொரு ஆண்டும் வெளியாள் ஒருவர் சரிபார்த்து அறிக்கை தர வேண்டும், வங்கி அதை இணையதளத்தில் போட வேண்டும். தகுந்த கடன் அமையும்வரை பணத்தை ஒரு வருடத்துக்கு மிகாத, உடனே காசாக்கக்கூடிய பத்திரங்களில் மட்டும் வைக்கலாம். மற்ற வைப்புகளுக்கு உள்ள 5 லட்சம் காப்பீடு இதற்கும் உண்டு.

எஸ்.பி.ஐ. 2024 ஜனவரியில் 1111, 1777, 2222 நாள் என்று மூன்று கால அளவில் ஆரம்பித்தது. வட்டி அப்போது சாதாரண வைப்பைவிட 0.10 சதவீதம் குறைவு. இன்றைய விகிதத்தைக் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். வித்தியாசம் அதே 0.10 என்று வைத்தால், 6 லட்சத்துக்கு வருடம் 600 ரூபாய் குறையும். 1111 நாள் என்பது மூன்று வருடமும் சொச்சமும், உங்கள் மகள் கணக்குக்குச் சரியாக வருகிறது.

கணக்குப்பிள்ளை:

வாத்தியார் சார் சொன்னது விதிப்படி சரி. ஆனால் அக்கா கேட்ட கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை.

ஒரு பெரிய வங்கி எப்படியும் இந்த வருடம் சோலார் பூங்காக்களுக்கு ஆயிரக்கணக்கான கோடி கடன் கொடுக்கத்தான் போகிறது. அக்காவின் 6 லட்சத்தை அதற்கு எதிரே எழுதிக்கொள்வார்கள். மற்றவர்களின் சாதாரண வைப்பு அனல்மின் நிலையத்துக்குப் போகும். கூட்டிப் பார்த்தால் வங்கியின் கடன் புத்தகம் முன்பு இருந்ததேதான். 600 ரூபாயை விட்டுக்கொடுத்தது யாருக்காக? இன்னொன்று, பசுமைத் திட்டத்துக்கு ஒதுக்கத் தவறினால் வங்கிக்கு என்ன அபராதம் என்ற கேள்விக்கு ரிசர்வ் வங்கியே பதில் தந்திருக்கிறது: அபராதம் இல்லை, மேற்பார்வையில் கவனிக்கப்படும், அவ்வளவுதான்.

இ.எஸ்.ஜி. ஃபண்டுக்கு வருகிறேன். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023 ஜூலையில் இதை ஒழுங்குபடுத்தியது. ஆறு வகையான உத்திகள், எந்த உத்தி என்பது ஃபண்டின் பெயரிலேயே தெரிய வேண்டும், 80 சதவீதப் பணமாவது அந்த உத்திப்படி இருக்க வேண்டும். முன்னைக்கு இப்போது எவ்வளவோ மேல். ஆனாலும் உள்ளே என்னென்ன பங்கு இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தனியார் வங்கியும் ஐ.டி. கம்பெனியும்தான். ஐ.டி. கம்பெனியில் புகைபோக்கி கிடையாது, வங்கியிலும் கிடையாது. ஆனால் வங்கிக் கடனில் கட்டிய அனல்மின் நிலையத்தில் இருக்கிறதே!

அதோடு இது பங்குச்சந்தை. மூன்று வருடத்தில் எடுக்க வேண்டிய படிப்புப் பணத்தை இங்கே போடவே கூடாது. அந்த ஏஜென்ட்டுக்கு நான் கடுமையாகவே சொல்வேன்.

எண்ணூர்க்காரி:

தம்பி, அப்படியானால் எதைச் செய்தாலும் ஒன்றுதான் என்கிறீர்களா? அப்படி நினைக்க எனக்கு மனசு வரவில்லை.

சிறுசேரி_டெஸ்ட்டர்:

அக்கா, ஒன்று சொல்லட்டுமா? நம்மில் சம்பளம் வாங்குகிற எல்லோரும் ஏற்கெனவே நிலக்கரி முதலாளிகள்தான். பி.எஃப். நிறுவனம் 2015 ஆகஸ்டிலிருந்து புதிதாக வரும் பணத்தில் ஒரு பங்கை நிஃப்டி, சென்செக்ஸ் ஈ.டி.எஃப்.களில், அதாவது அந்தக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்ட்களில், போடுகிறது. முதலில் 5 சதவீதம், பிறகு 10, பிறகு 15. நிஃப்டி 50-க்குள் கோல் இந்தியா, என்.டி.பி.சி., ஓ.என்.ஜி.சி. எல்லாம் இருக்கின்றன. நான் வேண்டாம் என்று சொல்ல அங்கே ஒரு பெட்டிகூட இல்லை. எல்.ஐ.சி. பாலிசி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், கோல் இந்தியாவின் பெரிய பங்குதாரர்களில் எல்.ஐ.சி.யும் ஒன்று. மாதாமாதம் நான் போடும் எஸ்.ஐ.பி.யும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில்தான் போகிறது. அதை நிறுத்துவதா வேண்டாமா என்று எனக்கும் குழப்பம்.

நெய்வேலிப்பையன்:

இழை முழுவதும் நிலக்கரி என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. அப்பா என்.எல்.சி. நிறுவனத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நான் படித்தது, அக்கா கல்யாணம், வீடு எல்லாம் அந்தச் சம்பளத்தில். 2023 ஜூலையில் பக்கத்து வளையமாதேவியில் சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்ட, கதிர் பிடிக்கிற நேரத்தில் பயிரை அழித்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்து எங்கள் வீட்டில் அன்று யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நிலம் கொடுத்தவர்களும் எங்கள் ஆட்கள், சம்பளம் வாங்கியவர்களும் எங்கள் ஆட்கள்.

அதே நிறுவனம் தமிழ்நாட்டில் பெரிய அளவில் சூரிய மின் நிலையங்களும் போட்டிருக்கிறது. அதை ‘பழுப்பு’, அதாவது மாசுக் கம்பெனி, என்று தள்ளுவதா, மாறிக்கொண்டிருக்கிறது என்று சேர்த்துக்கொள்வதா? செபியின் ஆறு வகையில் ‘மாற்றத்தில் இருப்பவை’ என்று ஒன்று இருக்கிறது என நினைக்கிறேன். என்னைப் பொறுத்தவரை எல்லோரும் பங்கை விற்றுவிட்டு ஓடிவிட்டால் சுரங்கம் மூடாது. கேள்வி கேட்கும் மனசாட்சி இல்லாதவர்கள் கைக்கு மாறும், அவ்வளவுதான். எங்கள் ஊருக்குத் தேவை, இருந்து கேள்வி கேட்கிற பங்குதாரர்கள்.

ஒஸ்லோ_தம்பி:

நெய்வேலி அண்ணா சொன்னதோடு சேர்த்து ஒரு உண்மைச் சம்பவம். நான் நோர்வேயில் இருக்கிறேன். இங்கே எண்ணெய்க் காசைச் சேர்த்து வைக்கிற அரசு ஓய்வூதிய நிதி, உலகத்தில் மிகப் பெரிய முதலீட்டு நிதிகளில் ஒன்று. 2007-இல் அது வேதாந்தா ரிசோர்சஸ் நிறுவனத்தைச் சூழல் கேடும் மனித உரிமை மீறலும் காரணமாக விலக்கியது. அதன் நெறிமுறைக் குழு எழுதிய அறிக்கையில் ஒடிசாவின் லாஞ்சிகர் அலுமினா ஆலையோடு தூத்துக்குடி ஸ்டெர்லைட் செப்பு உருக்காலையும் இருந்தது. நான் அதை வாசித்திருக்கிறேன். ஊர்ச் சனம் சொல்லிக்கொண்டிருந்த விஷயங்கள் அதிகாரபூர்வமான தாளில் வரிசையாக இருந்தன.

ஆனால் நடந்தது என்ன? இவ்வளவு பெரிய நிதி விற்றுப்போட்டு வெளியேறிய பிறகும், இடையில் மூடச் சொன்ன நாட்கள் தவிர, பத்து வருடத்துக்கு மேல் அந்த உலை எரிந்தது. மூடியது 2018 மே மாதம், துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போன பிறகு. மூடியது சரி என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் சொன்னது. பங்கை விற்றதால் அந்தத் தெருவில் யாருக்கும் மூச்சு விடுவது இலகுவாகவில்லை. அறிக்கை எழுதி ஆதாரத்தைப் பொதுவில் வைத்தார்களே, அதற்குத்தான் மதிப்பு என்று நான் நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

ஒஸ்லோ தம்பி, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், நீங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். சந்தையில் நான் ஒரு பங்கை விற்றால் இன்னொருவர் வாங்குகிறார். கம்பெனிக்கு அதில் ஒரு பைசா வருவதுமில்லை, போவதுமில்லை. அதனால் சிறுசேரி தம்பி, எஸ்.ஐ.பி.யை நிறுத்துவதால் கோல் இந்தியாவுக்கு எந்த வலியும் இல்லை.

பங்கு வைத்திருப்பதில் உள்ள ஒரே பிடி, ஓட்டு. மியூச்சுவல் ஃபண்ட்கள் தங்களிடம் உள்ள கம்பெனிகளின் தீர்மானங்களில் ஓட்டுப் போட்டே தீர வேண்டும் என்று செபி படிப்படியாகக் கட்டாயமாக்கி, 2022 ஏப்ரலிலிருந்து எல்லாத் தீர்மானத்துக்கும் அது பொருந்துகிறது. எப்படிப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்பதை அவர்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். இ.எஸ்.ஜி. ஃபண்ட் என்றால், சூழல் காரணமாக ஆதரித்தோமா எதிர்த்தோமா என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் ஃபண்டின் அந்த எக்ஸெல் கோப்பை ஒரு தடவை திறந்து பாருங்கள். எல்லாத் தீர்மானத்துக்கும் ‘ஆதரவு’ என்றே இருந்தால், விளம்பரத்தில் இருக்கும் மரமும் பறவையும் படம் மட்டும்தான். ஜெர்மனியின் டி.டபிள்யூ.எஸ். என்ற ஃபண்ட் நிறுவனத்தில் 2022 மே மாதம் போலீஸ் சோதனை நடந்தது, அடுத்த வருடம் அமெரிக்காவில் 1.9 கோடி டாலர் அபராதம், இரண்டும் இ.எஸ்.ஜி. பற்றிச் சொன்னது ஒன்று, உள்ளே செய்தது ஒன்று என்பதற்காக.

வட்டி_வாத்தியார்:

கணக்குப்பிள்ளை தம்பி, சந்தையில் கைமாறும் பங்குக்கு நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்கிறேன். ஆனால் வைப்புக்கும் புதிதாக வெளியிடும் கடன்பத்திரத்துக்கும் அதே வாதத்தை நீட்டக் கூடாது. அங்கே பணம் புதிதாக உள்ளே போகிறது.

இந்தூர் மாநகராட்சியைப் பாருங்கள். நர்மதை ஆற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் ஏற்றுவதற்கு ஆகும் கரண்ட் செலவு தாங்கவில்லை. அதனால் ஜலூத் என்ற இடத்தில் 60 மெகாவாட் சூரிய மின் நிலையம் கட்ட 2023 பிப்ரவரியில் பசுமைப் பத்திரம் வெளியிட்டார்கள். 244 கோடி, வட்டி 8.25 சதவீதம், சாதாரண மக்களும் வாங்கலாம். கேட்டதைவிடப் பல மடங்கு விண்ணப்பம் குவிந்தது. வாங்கியவருக்குத் தன் பணம் எந்த நிலத்தில் என்னவாக நிற்கிறது என்று கைகாட்ட முடியும். வட்டியும் வங்கியைவிடக் கூடுதல். சென்னை மாநகராட்சியும் 2025-இல் கொடுங்கையூர் குப்பைமேட்டைப் பிரித்தெடுக்கப் பத்திரம் மூலம் 200 கோடி திரட்டியது, ஆனால் அது பெரிய நிறுவனங்களுக்கான ஏலம். வடசென்னை மக்களுக்கு அதில் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தால் அம்மாவைப் போன்றவர்கள் முதல் ஆளாக நின்றிருப்பார்கள். அடுத்த முறையாவது மாநகராட்சி அதைச் செய்ய வேண்டும்.

மத்திய அரசும் 2023 ஜனவரி, பிப்ரவரியில் மொத்தம் 16,000 கோடிக்குப் பசுமைப் பத்திரம் விட்டது, பிறகும் விட்டிருக்கிறது. தனி நபர்கள் அரசுப் பத்திரத்தை நேரடியாக வாங்குவதற்கான ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் கணக்கு இருந்தால் 10,000 ரூபாயிலிருந்து வாங்கலாம். பாதுகாப்பு முழுமையாக உண்டு. ஆனால் முதல் வெளியீடு 5 வருடம், 10 வருடம் என்று இருந்தது. நடுவில் விற்றால் அன்றைய விலைதான். மூன்று வருடக் கணக்குக்கு இது ஒத்துவராது.

வைப்புக்கு வருகிறேன். ‘எப்படியும் கொடுக்கப்போகிற கடன்’ என்பது இன்றைக்கு உண்மையாக இருக்கலாம். பசுமை வைப்பு ஒரு வங்கியில் கொஞ்சமாக இருக்கும்வரை அப்படித்தான் இருக்கும். பெருகினால் அத்தனை பணத்துக்கும் தகுதியான கடனைத் தேடிப் போயே ஆக வேண்டும். உள்ளே இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், தலைமை அலுவலகத்தில் ஒரு பொருளை வைத்திருப்பதா எடுப்பதா என்று பேசும்போது முதலில் கேட்பது ‘எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள்’ என்றுதான்.

மொட்டைமாடி:

மதுரையிலிருந்து. முதலீடு என்றதும் எல்லோரும் காகிதத்தையே பேசுகிறீர்கள். சொந்த வீடு என்றால் மாடியில் சோலார் போடுவதும் முதலீடுதான். 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 மானியம். 3 கிலோவாட் நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் அளவில் தரும். அக்கா, உங்கள் இ.பி. பில் என்ன?

எண்ணூர்க்காரி:

சொந்த வீடுதான் தம்பி. ஏ.சி. இல்லை. இரண்டு மாதத்துக்கு 250 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

மொட்டைமாடி:

அப்படியானால் இப்போதைக்கு வேண்டாம் அக்கா. நேர்மையாகச் சொல்கிறேன். நம் ஊரில் முதல் 100 யூனிட் இலவசம், 500 வரை மானியக் கட்டணம். உங்களுக்குப் பில்லே ஐந்நூறு ரூபாய்க்குள்தான் வரும். மானியம் போகக் கைக்காசு ஒரு லட்சத்துக்கு மேல் போட்டு அந்த ஐந்நூறை மிச்சப்படுத்தினால், திரும்பி வருவதற்குள் மகளுக்கே கல்யாணம் ஆகிவிடும். சோலார் போட வேண்டியது ஏ.சி. ஓடுகிற வீடு. 500-ஐத் தாண்டியதும் பில் எகிறுகிறது, 800-க்கு மேல் ஒரு யூனிட் 10 ரூபாய்க்கும் அதிகம். அந்த மேல்தட்டு யூனிட்டைத்தான் சோலார் முதலில் வெட்டும். என் வீட்டில் அப்படித்தான் கணக்குக் கட்டுப்படியானது. குறைவாகச் செலவழிக்கிற வீடு ஏற்கெனவே தன் பங்கைச் செய்துகொண்டிருக்கிறது. அதை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, அதுதான் வருத்தம்.

பவுன்_கணக்கு:

பெண் பிள்ளை இருக்கிறது என்றதும் சொந்தக்காரர்கள் ‘அப்படியே நகையாகப் போட்டு வை’ என்பார்களே அக்கா, அதையும் பேசிவிடுவோம். பட்டறை வேலையில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. தங்கத்தைச் சுத்தமான சேமிப்பு என்று நினைக்கிறோம். 2001-இல் மூடிய கோலார் சுரங்கத்துக்குப் போய்ப் பாருங்கள், சயனைடு கலந்த மண் இன்னும் மலைமலையாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் வீடுகளுக்குள் வருகிறது. அங்கே காலகாலமாக உழைத்ததும் நம் தமிழ் ஆட்கள்தான். இப்போது நாம் வாங்குவது ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுத் தங்கம். நகையில் இருக்கும் ஆறு எழுத்து ஹால்மார்க் எண்ணை வைத்துத் தரம் தெரியும், எந்தச் சுரங்கம் என்று தெரியாது.

ஆசைக்கு வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பாட்டி நகையை உருக்கிப் புதிதாகச் செய்யுங்கள். சேதாரம் போகும், கூலி போகும், ஆனால் புதிதாக ஒரு குழி தோண்ட வேண்டாம். எங்கள் பட்டறையில் இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு அப்பா தனி மரியாதை கொடுப்பார்.

எண்ணூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம்.

6 லட்சமும் பசுமை வைப்பு, 1111 நாள். 5 லட்சம் காப்பீடு இருப்பதால் என் பெயரில் 3, அவர் பெயரில் 3. ஃபண்ட் இப்போது வேண்டாம். சோலார் வேண்டாம். மாமியார் பத்திரமாக வைத்திருக்கும் பழைய காசுமாலை இருக்கிறது, நகை பேச்சு வரும்போது பார்த்துக்கொள்கிறோம்.

கணக்குப்பிள்ளை தம்பி சொன்னது மனசில் இருக்கிறது. என் 600 ரூபாயால் கழிமுகம் தெளிந்துவிடாது. ஆனால் இந்த வைப்பில் நான் அறிக்கையைக் காட்டு என்று கேட்கலாம், சாதாரண எஃப்.டி.யில் அந்த வாய்ப்பே கிடையாது. கிளையில் போன வாரம் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு அப்படி ஒரு அறிக்கை இருப்பதே தெரியவில்லை. ‘இதுவரை யாரும் கேட்டதில்லை மேடம்’ என்றார். நான் எப்படிக் கேட்க வேண்டும்?

வட்டி_வாத்தியார்:

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது, கிளைக்கு இது வந்து சேர்வதில்லை. வங்கியின் இணையதளத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்த பசுமை வைப்புக் கொள்கை, நிதியை ஒதுக்கும் முறை, போன நிதியாண்டுக்கான சரிபார்ப்பு அறிக்கை. கிடைக்கவில்லை என்றால் கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு (ஒம்புட்ஸ்மன்) ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. தமிழிலேயே எழுதுங்கள்.

படிவத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். முதிர்வுக்குப் பிறகு தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் டிக் போட்டால் எந்த வைப்பாகப் புதுப்பிப்பார்கள் என்று கேளுங்கள். கல்லூரிப் பணம் என்பதால் டிக் வேண்டாம், சேமிப்புக் கணக்குக்கு வரட்டும். நாமினி மறக்க வேண்டாம்.

நெய்வேலிப்பையன்:

அக்கா, அந்தக் கடிதத்தை எழுதியதும் பெயர், கணக்கு எண்ணை எடுத்துவிட்டு இங்கே போடுங்கள். எங்கள் ஊர்க் கிளையில் நானும் அதையே கொடுக்கிறேன்.